மெகலடானுக்குப் பெயர் வைத்த மீன் ஆய்வாளர்: யார் இந்த லூயி அகாசி, அவர் பெயரை ஏன் அகற்றுகிறார்கள்?

'தி மெக்' படம் பார்த்தவர்களுக்கு மெகலடான் சுறாவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. எப்போதோ அழிந்துபோன அந்த ராட்சத சுறாவுக்கு, 'பெரிய பல்' என்று பொருள்படும் அந்தப் பெயரை வைத்தவர் லூயி அகாசி என்ற சுவிட்சர்லாந்துக்காரர். நீட் தேர்வுக்குப் படிப்பவர்களும் அவர் யாரென்று தெரியாமலேயே அவரைச் சந்தித்திருப்பார்கள். 11ஆம் வகுப்பு என்சிஇஆர்டி உயிரியல் புத்தகத்தில், சுறா வகைகளுக்குப் பிளக்காய்டு செதில், எலும்பு மீன்களுக்கு சைக்ளாய்டு அல்லது டீனாய்டு செதில் என்று மனப்பாடம் செய்ய வைக்கிறார்களே, அந்தச் சொற்கள் அவருடைய வகைப்பாட்டிலிருந்து வந்தவை.

அதே அகாசி 2025ல் வேறொரு காரணத்துக்காகச் செய்தியில் அடிபட்டார். அவருக்காக 1850ல் எடுக்கப்பட்ட, அடிமைப்படுத்தப்பட்ட ஏழு பேரின் 15 புகைப்படங்களை விட்டுக்கொடுக்க அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. அது வெளியே தெரிந்த நாள் மே 28. தற்செயலா என்னவோ, அன்று அகாசியின் 218ஆவது பிறந்தநாள்.

மீன் ஆராய்ச்சி செய்தவருக்கும் அந்தப் புகைப்படங்களுக்கும் என்ன சம்பந்தம்? அதைப் புரிந்துகொள்ள மீனிலிருந்தே தொடங்க வேண்டும்.

இறந்தவரின் வேலையை எடுத்துச் செய்த மாணவர்

அகாசி பிறந்தது 1807ல், சுவிட்சர்லாந்தின் மோட்டியே என்ற கிராமத்தில். அப்பா புராட்டஸ்டன்ட் பாதிரியார். வீட்டில் மகன் டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அவரும் மருத்துவப் பட்டம் வாங்கினார். ஆனால் மனசு முழுக்க மீன்தான்.

முதல் வாய்ப்பு இன்னொருவரின் மரணத்தால் வந்தது. ஸ்பிக்ஸ், மார்ட்டியஸ் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் பிரேசிலுக்குப் போய் உயிரினங்களைச் சேகரித்து வந்திருந்தார்கள். மீன்களை விவரித்து எழுத வேண்டிய ஸ்பிக்ஸ் 1826ல் இறந்துவிட, மார்ட்டியஸ் அந்த வேலையை மியூனிக்கில் படித்துக்கொண்டிருந்த அகாசியிடம் கொடுத்தார். 1829ல் புத்தகம் வந்தபோது அகாசிக்கு வயது 22. அதை அவர் சமர்ப்பித்தது, அன்றைக்கு ஐரோப்பாவின் மிகப் பெரிய விலங்கியலாளராக இருந்த கூவியேவுக்கு.

1831 இறுதியில் அகாசி பாரிஸ் போய் கூவியேவைப் பார்க்கிறார். கூவியேவும் புதைபடிவ மீன்களைப் பற்றி எழுதத் திட்டமிட்டுக் குறிப்புகளும் படங்களும் சேர்த்து வைத்திருந்தார். இந்த இளைஞரின் வேலையைப் பார்த்ததும் அத்தனையையும் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டார். சில மாதங்களில், 1832 மே மாதம், கூவியேவும் காலமானார். கையில் காசில்லாமல் அகாசி பாரிஸை விட்டுக் கிளம்ப வேண்டிய நிலை வந்தபோது 1,000 பிராங்க் அனுப்பி உதவியவர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட். அதே ஆண்டு நியூஷாடெல் நகரில் பேராசிரியர் வேலையும் கிடைத்தது.

அடுத்த ஆண்டே 'புதைபடிவ மீன்கள் பற்றிய ஆய்வுகள்' என்ற பிரெஞ்சு நூல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கியது. 1833 முதல் 1843 வரை, ஐந்து தொகுதிகள். புதைபடிவமாகக் கிடைத்த மீன் வகைகளில் பெயரிடப்பட்டவற்றின் எண்ணிக்கை இந்த நூலோடு 1,700ஐத் தாண்டியது.

செதிலை வைத்து மீனைப் பிரிப்பது எப்படி?

உயிருள்ள மீனைப் பிரிப்பதற்குத் துடுப்பு, எலும்பு, செவுள் என்று எத்தனையோ அடையாளங்கள் உண்டு. கல்லுக்குள் கிடைக்கும் மீன் அப்படி முழுசாக வராது. நசுங்கியிருக்கும், பாதி உடல் காணாமல் போயிருக்கும். சுறா என்றால் இன்னும் மோசம். அதன் எலும்புக்கூடு குருத்தெலும்பு என்பதால் பெரும்பாலும் மக்கிப்போய், பல்லும் துடுப்பு முள்ளும்தான் மிஞ்சும். மெகலடான் பெயரில் 'பல்' இருப்பதற்கும் காரணம் அதுதான்.

அகாசி என்ன செய்தாரென்றால், எது கிடைக்கிறதோ அதை வைத்தே பிரித்தார். செதில்களை நான்கு வகையாக்கினார். சுறா, திருக்கையின் உப்புத்தாள் போன்ற தோலில் இருக்கும் முள் செதில்கள் பிளக்காய்டு. பளபளப்பான எனாமல் பூச்சோடு, தரையில் ஓடு பதித்த மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் கெட்டியான செதில்கள் கனாய்டு. வழவழப்பான விளிம்புள்ள வட்டச் செதில் சைக்ளாய்டு. விளிம்பில் சீப்புப் பல் போல இருந்தால் டீனாய்டு. கடைசி இரண்டையும் மீன் மார்க்கெட்டிலேயே பார்த்துவிடலாம். கெண்டையின் செதிலைத் தடவினால் வழுக்கும், கொடுவாவின் செதில் சொரசொரக்கும்.

இந்த நான்கு வகையும் மீன்களின் உண்மையான குடும்பப் பிரிவு கிடையாது என்பது பின்னாளில் தெளிவானது. ஒரே மாதிரி செதில் வெவ்வேறு மீன் குடும்பங்களில் உண்டு. ஆக, வகைப்பாடு போய்விட்டது. சொற்கள் மட்டும் பாடப்புத்தகத்தில் நிலைத்துவிட்டன.

அகாசியின் மனைவி எலிசபெத் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் ஒரு சம்பவம் வரும். ஒரு கல்லில் மங்கலாகத் தெரிந்த மீனை எவ்வளவு முயன்றும் அகாசியால் அடையாளம் காண முடியவில்லை. அடுத்தடுத்து மூன்று இரவுகள் அந்த மீன் முழுதாகக் கனவில் வந்ததாம். மூன்றாவது இரவு தலைமாட்டில் காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு இருட்டிலேயே வரைந்து, காலையில் கல்லைச் செதுக்கிப் பார்த்தால் வரைந்தபடியே இருந்ததாம். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்கு அதைவிட சுவாரசியமாகப் படுவது, கனவில் வராத உழைப்பு.

யாருடைய உழைப்பு?

ஐந்து தொகுதிகளின் பிரம்மாண்டமான வண்ணப் படங்களில் பெரும்பாலானவற்றை வரைந்தவர் ஜோசப் டிங்கல் என்ற ஓவியர். மியூனிக் நாட்களிலிருந்தே அகாசியோடு இருந்தவர். 1834ல் அகாசி பிரிட்டன் போனபோது, பலருடைய சேகரிப்புகளிலிருந்து தேர்ந்தெடுத்த சுமார் 2,000 மாதிரிகள் லண்டன் புவியியல் சங்கத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அங்கே உட்கார்ந்து டிங்கல் வரைந்துகொண்டே இருந்தார். நூலுக்கான மூலப் படங்கள் மட்டும் 1,290. அகாசியின் முதல் மனைவி செசில் பிரவுனும் ஓவியர். அவரும் மீன்களை வரைந்து கொடுத்திருக்கிறார்.

மாதிரிகள் எங்கிருந்து வந்தன? பிலிப் எகர்டன், வில்லியம் கோல் என்ற இரண்டு பணக்கார நண்பர்கள் சேர்த்து வைத்திருந்த பெரும் சேகரிப்பு ஒரு பக்கம். (இந்த எகர்டன்தான் பின்னர், 1845ல், புதுச்சேரிப் பகுதிப் பாறைகளில் கிடைத்த மீன் எச்சங்களைப் பற்றியும் எழுதினார்.) மறுபக்கம், இங்கிலாந்தின் தென்கடற்கரையில் லைம் ரீஜிஸ் என்ற சிற்றூரில் இரண்டு பெண்கள். ஒருவர், கடற்கரைப் பாறைகளில் புதைபடிவம் பொறுக்கி விற்றுப் பிழைத்த மேரி ஆனிங். இன்னொருவர் அவருடைய தோழி எலிசபெத் பில்பாட். 1834ல் அகாசி அங்கே போனபோது, எந்தத் துடுப்பு முள் எந்தச் சுறாவுக்குச் சொந்தம் என்று இருவரும் அவருக்குப் பிரித்துக் காட்டினார்கள். அகாசி அதை மறைக்கவில்லை. ஆனிங் பெயரில் இரண்டு மீன்களுக்கும் பில்பாட் பெயரில் ஒன்றுக்கும் பெயர் வைத்தார். பெண்கள் லண்டன் புவியியல் சங்கத்தில் உறுப்பினராகக்கூட முடியாத காலம் அது. ஆனிங் உயிரோடு இருந்தபோது அவர் பெயரை ஓர் உயிரினத்துக்கு வைத்த ஒரே ஆய்வாளர் அகாசிதான். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஸ்காட்லாந்தில் கல் உடைக்கும் தொழிலாளியாக இருந்து எழுத்தாளரான ஹியூ மில்லரின் பெயரையும், உடம்பெல்லாம் கவசமும் இறக்கை போன்ற கைகளும் கொண்ட ஒரு பழங்கால மீனுக்கு வைத்தார். ஆக, தனக்கு உதவியவர்களின் சாதி, அந்தஸ்து பார்க்காத மனிதர் என்ற எண்ணம் இந்த இடத்தில் நமக்கு வரும்.

ஒன்று சேராத கோடுகள்

டேட்டா வேலை பார்க்கிறவள் என்பதால் அகாசியிடம் என்னை இழுத்தது மீன் அல்ல, ஒரு சார்ட். புதைபடிவ மீன் நூலில் ஒரு பக்கத்தில் மொத்த மீன் இனத்தின் வரலாற்றையும் ஒரே படமாகப் போட்டிருக்கிறார். கீழிருந்து மேலாகக் காலம். கீழே மிகப் பழைய பாறைகள், மேலே இன்றைய கடல். ஒவ்வொரு மீன் குடும்பமும் செங்குத்தாக நிற்கும் ஒரு பட்டை. அந்தக் குடும்பம் செழித்த காலத்தில் பட்டை பருக்கும், குறைந்த காலத்தில் மெலியும், அழிந்தால் கூராகி முடிந்துவிடும். வெள்ளரிக்காய்களை நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும். தொல்லுயிரியலில் இன்றும் இந்த வடிவத்தில்தான் சார்ட் போடுகிறார்கள். 'ஸ்பிண்டில் டயகிராம்' என்று பெயர்.

அதைப் பார்த்தவுடனே சில விஷயங்கள் கண்ணில் படும். பழைய பாறைகளில் பிளக்காய்டு, கனாய்டு மீன்கள் மட்டும்தான். இன்று நாம் சாப்பிடும் பெரும்பாலான மீன்களின் சைக்ளாய்டு, டீனாய்டு குடும்பங்கள் மிகவும் பிந்தி, கிரெட்டேசியஸ் காலப் பாறைகளில் தலைகாட்டுகின்றன. ஒவ்வொரு பிரிவிலும் பட்டைகள் கீழே போகப்போக ஒன்றையொன்று நோக்கிச் சாய்கின்றன, ஒரே அடிமரத்திலிருந்து கிளம்பிய கிளைகள் போல.

ஆனால் தொடவில்லை. ஒரு பட்டைகூட இன்னொன்றோடு சேரவில்லை. படத்துக்கு அவர் கொடுத்த தலைப்பிலேயே 'வம்சாவளி' என்ற சொல் இருக்கிறது. வம்சாவளி என்று சொல்லிவிட்டு, யாரையும் யாருக்கும் பிள்ளையாக்க மறுத்துவிட்டார்!

காரணம், ஒரு உயிரினம் இன்னொன்றாக மாறும் என்பதை அகாசி கடைசிவரை ஏற்கவில்லை. ஒவ்வொரு காலத்திலும் உயிர்கள் மொத்தமாக அழிக்கப்பட்டன, படைத்தவர் புதிதாக மறுபடி படைத்தார் என்பது அவருடைய நம்பிக்கை. பட்டைகளுக்கு இடையே இருக்கும் ஒற்றுமை, அவரைப் பொறுத்தவரை, ரத்த உறவு அல்ல. படைத்தவரின் சிந்தனையில் இருக்கும் ஒழுங்கு. பூமியின் பெரும்பகுதியை ஒரு காலத்தில் பனி மூடியிருந்தது என்று 1837ல் அவர் அறிவித்த பனியுகக் கொள்கையையும் இதற்குள்தான் பொருத்தினார். பனி வந்து பழைய உயிர்களை முற்றாகத் துடைத்தது, பிறகு புதிய படைப்பு. பனியுகம் உண்மை. அது எல்லா உயிர்களையும் அழித்தது என்பது உண்மை இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பரிணாமத்துக்கு உதவும் சாட்சிகளை அவரே வரிசையாக எடுத்து வைத்தார். மீன் வாலையே எடுத்துக்கொள்ளுங்கள். சுறாவின் வாலில் மேல்பாதி நீளம், கீழ்பாதி குட்டை. கெண்டைக்கு இரண்டும் சமம். மிகப் பழைய பாறைகளில் இருக்கும் மீன்களின் வால்கள் சமமில்லாதவை, சமமான வால்கள் பின்னால் வந்தவை என்று அகாசி கண்டார். அதோடு, இன்றைய மீனின் கரு வளரும்போது, அதன் வால் முதலில் சமமில்லாமல் இருந்து பிறகுதான் சமமாகிறது என்பதையும் கவனித்தார். பழங்கால மீனின் வடிவம் இன்றைய மீனின் கருவில் எட்டிப் பார்க்கிறது! 1859ல் வந்த டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலில், பழங்கால விலங்குகள் இன்றைய விலங்குகளின் கருவை ஒத்திருப்பது பற்றிய அகாசியின் கருத்து அவர் பெயரோடேயே எடுத்தாளப்படுகிறது. அகாசியோ அந்த நூலை எதிர்த்து எழுதினார். 1865ல் பிரேசிலுக்கு ஒரு பெரிய பயணம் போய், அமேசானிலும் பனிப்பாறைகள் இருந்தன என்று காட்டி டார்வினை மடக்கப் பார்த்தார். அது எடுபடவில்லை.

மீனிலிருந்து மனிதனுக்கு

1846ல் அகாசி அமெரிக்கா போனார். பாஸ்டனில் அவருடைய சொற்பொழிவுகளுக்குக் கூட்டம் அலைமோதியது. அடுத்த ஆண்டே ஹார்வர்டில் பேராசிரியர். 1859ல் அங்கே அவர் தொடங்கிய ஒப்பீட்டு விலங்கியல் அருங்காட்சியகம் இன்றும் இயங்குகிறது.

ஐரோப்பாவில் இருந்தவரை, மனிதர்கள் எல்லோரும் ஒரே இனம் என்றுதான் அவர் பேசி வந்தார். அமெரிக்கா வந்த சில மாதங்களில், 1846 டிசம்பரில், பிலடெல்பியாவிலிருந்து அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். விடுதியில் பரிமாறிய கறுப்பினப் பணியாளர்களைப் பார்த்துத் தனக்கு ஏற்பட்ட அருவருப்பைக் கூச்சமில்லாமல் விவரித்து, அவர்கள் தன்னைப் போன்ற மனிதர்கள்தானா என்றே சந்தேகப்படுகிறார். எலிசபெத் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் அந்தப் பகுதி வெட்டப்பட்டுவிட்டது. அதை வெளிக்கொண்டு வந்தவர், அகாசி தொடங்கிய அதே அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த தொல்லுயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட், 1981ல்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் அருவருப்பு, பிறகுதான் கோட்பாடு. ஆனால் கோட்பாட்டுக்கான கருவி ஏற்கெனவே அவர் கையில் தயாராக இருந்தது. ஒவ்வொரு உயிரினமும் அதனதன் இடத்தில் தனித்தனியாகப் படைக்கப்பட்டது என்று மீன்களுக்குச் சொன்னதை அப்படியே மனிதர்களுக்கும் நீட்டினார். வெவ்வேறு மனித இனங்கள் வெவ்வேறு இடங்களில் தனித்தனியாகத் தோன்றியவை, ஆதாம் கதை வெள்ளையர்களைப் பற்றியது மட்டுமே என்றார். 1850 மார்ச்சில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் நடந்த அறிவியல் மாநாட்டில் இதை வெளிப்படையாக ஆதரித்தார். அடிமை முறையை நியாயப்படுத்திக்கொண்டிருந்தவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தான் அடிமை முறைக்கு எதிரி என்று அகாசி சொல்லிக்கொண்டது உண்மைதான். 1863ல், விடுதலை பெற்றவர்களுக்கு என்ன செய்யலாம் என்று அரசு நியமித்த குழு உறுப்பினர் ஒருவர் கருத்துக் கேட்டபோது, சமூக சமத்துவம் கூடாது, கலப்பு மணம் கூடவே கூடாது என்று எழுதியவரும் அவர்தான்.

அந்த மாநாட்டையொட்டி, அதே மாநிலத்தின் கொலம்பியா நகரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்களை அகாசி பார்வையிட்டார். அவருக்காக அவர்களில் ஏழு பேரை ஜோசப் ஸீலி என்பவரின் ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்து, ஆடையைக் களைந்து படம் எடுத்தார்கள். ரென்டி, டீலியா, ஜாக், டிரானா, ஆல்பிரட், ஜெம், ஃபசேனா. டீலியா ரென்டியின் மகள். டிரானா ஜாக்கின் மகள். எங்கே பிறந்தவர், யாருடைய சொத்து என்ற சீட்டும் படங்களோடு உண்டு.

படங்கள் நேராகவும் பக்கவாட்டிலும் எடுக்கப்பட்டவை. மாதிரியை அசையாமல் வைத்து, பக்கவாட்டில் பதிவு செய்து, சீட்டு ஒட்டி வைப்பது: டிங்கல் மீன்களை வரைந்த அதே முறை. அந்தப் பழக்கம்தான் இங்கே மனிதர்கள் மேல் திரும்பியது என்பது என் வாசிப்பு. ஒரு வித்தியாசம், இந்தப் படங்களில் இருப்பவர்கள் கேமராவைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

வழக்கு என்ன ஆனது?

படங்கள் பல பத்தாண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்து, 1976ல் ஹார்வர்டின் பீபடி அருங்காட்சியகப் பரணில் கண்டெடுக்கப்பட்டன. ரென்டி தன் கொள்ளுத்தாத்தா வழி மூதாதை என்று கூறும் டமாரா லானியர், படங்களை ஒப்படைக்கக் கோரி 2019ல் ஹார்வர்டு மீது வழக்குத் தொடுத்தார். படத்தில் இருப்பவர்களுக்கோ வாரிசுக்கோ அதன் மேல் சொத்துரிமை கிடையாது என்று 2022ல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் லானியரிடம் ஹார்வர்டு நடந்துகொண்ட விதத்தால் ஏற்பட்ட மன உளைச்சலுக்காக அவர் வழக்கை நடத்தலாம் என்றது. கடைசியில் 2025ல் சமரசம். ஏழு பேரின் படங்களும் சார்ல்ஸ்டனில் உள்ள சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குப் போகும் என்று முடிவானது. 1850ல் அகாசி அந்தக் கொள்கையை ஆதரித்துப் பேசிய அதே ஊர்.

பெயர்கள் எங்கெங்கே மாறின?

ஹார்வர்டு இருக்கும் கேம்பிரிட்ஜ் நகரில், அகாசி பெயரில் இருந்த பள்ளிக்கு 2002ல் மரியா பால்ட்வின் பெயர் வந்தது. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த கறுப்பினப் பெண் அவர். சுவிட்சர்லாந்தில் அகாசி பாடம் நடத்திய நியூஷாடெல் நகரமே, அவர் பெயரிலிருந்த சதுக்கத்துக்கு டிலோ ஃப்ரே பெயரை வைத்துவிட்டது. 1971ல் சுவிஸ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண்களில் ஒருவர், கேமரூனில் பிறந்தவர். 1906 நிலநடுக்கத்தில் தலைகீழாக விழுந்து தரையில் குத்தி நின்ற அகாசி சிலை ஸ்டான்போர்டில் பிரபலம். அதைக் கட்டட முகப்பிலிருந்து அகற்ற 2020ல் அந்தப் பல்கலைக்கழகம் முடிவு செய்தது. ஆல்ப்ஸ் மலையில் அகாசிஹோர்ன் என்ற சிகரத்துக்கு ரென்டியின் பெயரால் 'ரென்டிஹோர்ன்' என்று வைக்கச் சொல்லி ஓர் இயக்கமே நடந்தது; சுவிஸ் அரசு ஒத்துக்கொள்ளவில்லை.

மீன்களின் பெயர்கள் மட்டும் மாறப்போவதில்லை. விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதிகளில், முதலில் வைத்தவர் பெயர்தான் செல்லும். வைத்தவர் எப்படிப்பட்டவர் என்பது கணக்கில் வராது. சீலகாந்த் மீனை எடுத்துக்கொள்ளலாம். வாலின் முட்கள் உள்ளீடற்றிருப்பதைப் பார்த்து 1839ல் அகாசி வைத்த பெயர் அது. டைனோசர்களோடு அழிந்துவிட்டதாக நினைத்த அந்தக் குடும்பத்தில் ஒரு மீன் 1938ல் தென்னாப்பிரிக்காவில் உயிரோடு வலையில் சிக்கியது. சூரை மீனைவிட நமக்குத்தான் அது நெருங்கிய சொந்தம் என்கிறது இன்றைய உயிரியல். அகாசியின் சார்ட்டில் தொடாமல் நின்ற கோடுகளை நீட்டிச் சேர்த்தால் கிடைக்கும் முடிவு அது.

மெகலடானும் அப்படியே. அகாசி அதைப் பெரிய வெள்ளைச் சுறாவின் பேரினத்தில் வைத்தார். அது தவறு என்று பலர் கருதுகிறார்கள். இப்போது பெரும்பாலும் ஓட்டோடஸ் என்ற பேரினத்தில் சேர்க்கிறார்கள். ஓர் உயிரினத்தின் பேரினம் பின்னால் மாற்றப்பட்டால், முதலில் பெயர் வைத்தவரை அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும் என்பது விதி. அதனால் ஆய்வுக் கட்டுரைகளில் அந்தச் சுறா இப்படி வரும்: ஓட்டோடஸ் மெகலடான் (அகாசி).